டாப் கியர் பார்த்தவர்களும், பார்த்துக்கொண்டே திட்டியவர்களும்

அண்ணாநகர், மதுரை

டாப் கியரைக் கார் நிகழ்ச்சி என்று சொன்னால் என் சித்தப்பாவுக்குப் பிடிக்காது. "மைலேஜ் சொன்னானா? ஸ்பேர் பார்ட்ஸ் விலை சொன்னானா? அப்புறம் என்னடா கார் நிகழ்ச்சி?" என்பார். சொல்லிவிட்டு, அடுத்த எபிசோடைப் போடு என்பார். 1977இல் பிபிசி தொடங்கியபோது அவர் கேட்கிற மாதிரி நிகழ்ச்சியாகத்தான் அது இருந்திருக்கிறது. 2002இல் புதுசாக ஆரம்பித்த பிறகுதான் ஆளே மாறிப்போனது. ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், 2003இல் வந்து சேர்ந்த ஜேம்ஸ் மே என்று மூன்று பேர் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் கார் வரும். எனக்கு அது போதும். கோடி ரூபாய்க் கார்கள் ஓடுகிற பகுதியை ஓட்டிவிட்டு, பழைய வண்டியைச் சல்லிசாக வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற எபிசோடுகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

நம்ம பக்கம் இதை யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

செல்லூர்

எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ராத்திரி சவாரி குறைந்த நேரத்தில் யார் போனிலாவது ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் ரிலையண்ட் ராபின் எபிசோடைப் போட்டுக் காட்டினேன். 2010இல் வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று சக்கரம் உள்ள கார். அதில் கிளார்க்சன் ஷெஃபீல்டிலிருந்து ராதரம் போவார். வெறும் 14 மைல்தான், ஆனால் வளைவுக்கு வளைவு கவிழ்ந்து கிடப்பார். ஸ்டாண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மூத்த டிரைவர் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கிக் கவிழ்கிற இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "தம்பி, ஒத்தச் சக்கரம் முன்னால இருந்தா சாயத்தான் செய்யும். இல்லேங்கல. ஆனா சாயறதுக்கு முன்னால வண்டி சொல்லும். உள்பக்கப் பின்சக்கரம் லேசா எந்திரிக்கும். ஹேண்டிலை விட்டுக்குடுத்தா திரும்ப உக்காந்துரும். இது சொல்லவே இல்ல, படுத்துருச்சு. பின்னால ஏதோ வேலை பாத்திருக்கான்" என்றார். இளவட்டங்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். "அண்ணே, இங்கிலாந்துக்காரன் வண்டிக்கும் நம்ம சிம்மக்கல் ஷேர் ஆட்டோவுக்கும் கணக்குப் போடுறீங்களே!"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2016இல் கிளார்க்சனே எழுதியிருக்கிறார். சாதாரண ராபின் அப்படியெல்லாம் உருளாது, ஆட்களிடம் சொல்லி டிஃபரன்ஷியலில் (இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பாகம்) கைவைத்துத்தான் அப்படிக் கவிழ வைத்தோம் என்று. மறுநாள் ஸ்டாண்டில் போய்ச் சொன்னேன். பெரியவருக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. "டிஃபரன்ஷியலா? நான் ஸ்பிரிங்குல வேலை பாத்திருப்பான்னு நெனச்சேன்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அண்ணாநகர் (மறுபடி நான்தான்)

அந்தப் பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், என் கணக்கில்.

ராபின் விஷயத்தில் எனக்குக் கோபமே வராது. தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்ட கார், சிரித்துவிட்டுப் போகலாம். 2008இல் டெஸ்லா ரோட்ஸ்டர் என்கிற எலக்ட்ரிக் காரைச் சார்ஜ் தீர்ந்த மாதிரி காட்டி, ஆட்கள் தள்ளிக்கொண்டு போவதாக எடுத்தார்களே, அது வேறு. கடையில் புதுசாக விற்பனைக்கு வந்த வண்டி. டெஸ்லா 2011இல் வழக்குப் போட்டது, தோற்றது. வழக்கில் தோற்றாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. வேடிக்கைக்காகச் செய்தோம் என்பதை எல்லா இடத்திலும் சொல்ல முடியாது.

திருமங்கலம்

எங்கள் வீட்டில் பார்த்தது இந்தியா ஸ்பெஷல். 2011 டிசம்பரில் வந்தது. ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ், மினி என்று மூன்று பழைய வண்டிகளோடு மும்பையில் தொடங்கி இமயமலை வரை போவார்கள். கிளார்க்சன் தன் ஜாகுவாரின் பின்னால் ஒரு டாய்லெட்டை மாட்டியிருப்பார். என் வீட்டுக்காரர் சிரித்தார். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா காருக்குப் பின்னாடி கக்கூஸு?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னால் நமக்கே அசிங்கமாக இருக்கும்போல இருந்தது. இந்தியத் தூதரகம் புகார் கொடுத்தது அப்புறம் தெரியும்.

அவமானம் என்றுகூட நான் சொல்லமாட்டேன், சோம்பேறித்தனம் என்பேன். வியட்நாம் போன எபிசோடை (2008) பாருங்கள். அங்கே கேலிக்கு ஆளானது அவர்களேதான். கிளார்க்சனுக்குப் பைக்கே ஒத்துவராது, அவரை வெஸ்பாவில் ஏற்றிவிட்டிருப்பார்கள். மே ஓட்டும் ஹோண்டா சூப்பர் கப்பைப் பார்த்ததும் எங்கப்பா டிவிஎஸ் 50இல் உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வருவது ஞாபகம் வந்தது. அந்த ஊர் ஜனங்களை மதித்து எடுத்திருந்தார்கள். இங்கே வந்தபோது அந்த மரியாதை எங்கே போனதோ.

நாகமலைப் புதுக்கோட்டை

அக்கா சொல்வது சரி. ஆனாலும் ஹைலக்ஸ் எபிசோடுக்காக நான் எல்லாவற்றையும் மன்னிப்பேன். 2003. பழைய டொயோட்டா டீசல் பிக்அப் ஒன்றைக் கடலில் மூழ்கவிட்டு, தீ வைத்து, கடைசியில் இடிக்கப்போகிற அடுக்குமாடி உச்சியில் நிறுத்திக் கட்டடத்தோடு சேர்த்துத் தரைமட்டமாக்குவார்கள். ஸ்பேர் எதுவும் மாற்றக்கூடாது, கையில் டூல்ஸ் மட்டும். அப்படியும் ஸ்டார்ட் ஆகும்.

என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இதைக் காட்டினேன். கட்டடம் விழுவதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கடல் தண்ணீர் ஏறுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஆஃப் பண்ணி நிக்கிற வண்டி, அதான் பொழச்சது. ஓடிட்டிருக்கும்போது சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும், அதோட கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, டீசல். ஸ்பார்க் பிளக் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டின்னா உப்புத் தண்ணி பட்டதுமே கரண்ட் செத்திருக்கும்." மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காமல் டோ பண்ணிக் கொண்டுவாங்க என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொள்வது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. யார் சொன்னது இதில் காரைப் பற்றி ஒன்றும் இல்லை என்று? சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

2015இல் தயாரிப்பாளரை அடித்த விவகாரத்தில் கிளார்க்சன் போனதும் நான் டாப் கியரை விட்டுவிட்டேன். அமேசானில் 2016 முதல் 2024 வரை கிராண்ட் டூர் என்று மூவரும் எடுத்ததைப் பார்த்தேன். பணம் ஏறியது, ருசி ஏறவில்லை.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம்

2013இல் டாப் கியர் பல நாட்டு டாக்சிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு ரேஸ் நடத்தியது நினைவிருக்கிறதா? ஜெயித்தது நம்ம அம்பாசடர். மறு வருஷமே இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் தயாரிப்பை நிறுத்தியது வேறு கதை. ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் டாக்சியே ஓட்டி ஓய்ந்த எங்கள் பெரியப்பாவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார்.

"ஜெயிச்சது சரி. பின்னாடி சவாரி யாரும் இருந்தாங்களா?"

ரேஸ்தானே பெரியப்பா, சவாரி எதற்கு என்றேன்.

"அப்ப டாக்சின்னு ஏன்டா சொல்றான்?"