மறு: ‘அங்கிஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: தொன்மம் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

முதுகலை ஒப்பிலக்கிய வகுப்புக்கான என் கசாக் இலக்கியப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உலகத் தோற்றத்தையும் தெய்வங்களையும் சொல்வதைக் கசாக்கியர் ‘மிஃப்’ என்பர். இன்ன ஆற்றங்கரையில் இன்னார் வாழ்ந்தார் என்று நம்பிச் சொல்லிவருவது ‘அங்கிஸ்’. இரண்டுக்கும் ‘தொன்மம்’ என்ற ஒரே சொல் போதும் என்று நம் குழுவில் எழுந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

கசாக்கியர் தம் முன்னோனாகப் போற்றும் இசைப்பாணர் கோர்கித்தின் கதையைப் பாருங்கள். சாவுக்கு அஞ்சி அவர் நாலு திசையும் ஓடுகிறார். போன இடமெல்லாம் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கென்று கேட்டால் ‘கோர்கித்துக்கு’ என்கிறார்கள். சிர்தாரியா ஆற்றுக்கே திரும்பி, நீர்மேல் விரிப்பை விரித்து, குதிரைமயிர் நரம்பு இரண்டு பூட்டிய கோபிஸ் என்னும் இசைக்கருவியை அவர் வாசித்துக்கொண்டிருந்தவரை சாவு நெருங்கவில்லை. கண்ணயர்ந்ததும் பாம்பாக வந்து தீண்டியது. 1938இல் சுட்டுக்கொல்லப்பட்ட கசாக் கவிஞர் மக்ஜான் ஜுமாபாயெவ், அந்தக் கோர்கித்தைப் போலக் கோபிஸைத் தழுவியபடியே குழிக்குள் போக ஆசைப்பட்டுப் பாடினார். அவர் நாடியது தெய்வத்தை அன்று, முன்னோன் ஒருவனை. இதைத் தொன்மம் என்றால் மாணவர் வெறும் குறியீடாக வாசித்துவிடுவர்.

தொல்காப்பியத் ‘தொன்மை’ அங்கிஸையும் தழுவும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பழைய உரையாசிரியரான பேராசிரியர் அதற்குப் பாரதத்தோடு, தகடூர்ப் போரைப் பாடும் தகடூர் யாத்திரையையும் எடுத்துக்காட்டுவது உண்மையே. ஆனால் தொன்மை என்பது செய்யுளின் வனப்பு (அழகு) எட்டனுள் ஒன்று. கதையின் வகை அன்று. அங்கிஸுக்கு ‘வழக்குரை’ என்ற இன்னொரு முன்மொழிவு தூய தமிழ்தான். எனினும் வகுப்பில் சொன்னால் நீதிமன்றமே நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘ஐதிகம்’. இம்மரத்தில் பேய் உண்டு என்று உலகோர் சொல்வதைக் கேட்டுத் தெளிவதையே மணிமேகலை ஐதிகம் என்கிறது. ஓர் இடத்தோடு ஒட்டிய நம்பிக்கை என்னும் அங்கிஸின் உயிர் அதில் இருக்கிறது. வடசொல் என்பதற்காக, காப்பியத்தில் ஊன்றிய சொல்லைத் தள்ளவேண்டுமா? மாற்றுச்சொல் வராவிட்டால் இதையே அச்சுக்குக் கொடுப்பேன்.

*

மறுமொழி:

அம்மையீர், வடசொல் என்பதன்று என் தடை. ‘இந்தக் குளத்தில் மூழ்கினால் நோய் தீரும் என்பது ஐதீகம்’ என்றே இன்று நாளிதழ்கள் எழுதுகின்றன. உங்கள் மாணவர் மணிமேகலையை அல்ல, நாளிதழைப் படித்துவிட்டு வருகிறவர்கள். கோர்கித்தின் வாழ்க்கை முழுவதையும் ஒரு கோயில் நம்பிக்கையாகச் சுருக்கிக்கொள்வர். ‘முன்னோர் கதை’ என்று இரண்டு சொல்லாகவே விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெரும்பான்மை ஐதிகத்துக்கு அமைந்தாலும், என் மறுப்பு அப்படியே நிற்கட்டும்.