மறு: ஐடிலிங்குக்குத் தமிழ்ச்சொல் – மெல்லோட்டம், ஆறிய எஞ்சின், சோக்கு

வணக்கம் நண்பர்களே,

> ஐடிலிங் = வெற்றோட்டம், கோல்டு ஐடிலிங் = குளிர் வெற்றோட்டம், சோக் = மூச்சடைப்பி. இப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பேசிவிடலாம். இந்தச் சொற்கள் போகப்போவது, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள, எப்போதாவது மட்டும் எடுக்கிற பைக்கைச் சரிசெய்வதற்கான கையேட்டுக்கு. படிப்பவர் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு குந்தியிருப்பார். நாம் கொடுக்கும் சொல் அவர் கையைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதலில் வெற்றோட்டம். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் எஞ்சின் சுமையில்லாமல்தான் அலறுகிறது, அதுவும் வெற்றோட்டம்தான், ஆனால் அதை யாரும் ஐடிலிங் என்று சொல்வதில்லையே. ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 1000 முதல் 1400 சுற்று வரை அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் குறைந்த ஓட்டத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். மெக்கானிக் கடையில் போய்க் கேளுங்கள், “ஸ்லோ நிக்க மாட்டேங்குது”, “ஸ்லோ கொஞ்சம் ஏத்தி வைங்க” என்றுதான் பேச்சு. அந்த ஸ்லோவை அப்படியே பிடித்தால் மெல்லோட்டம். ஸ்லோ ஜெட் (மெல்லோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைக் குழாய்) மெல்லோட்ட ஜெட்டாகும், ஸ்லோ ஸ்க்ரூ மெல்லோட்டத் திருகாகும், கடைக்காரருக்கும் சொன்னவுடனே புரியும். ஜெட்டையும் கார்புரேட்டரையும் மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ஊரெல்லாம் புழங்குகிற பெயர்கள் அவை.

அடுத்தது குளிர். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். கோல்டு என்று இங்கே சொல்வது பருவநிலையை இல்லை. மே மாதம் வேலூரில் வெயில் கொளுத்தும்போதும், முந்தின நாள் அணைத்த எஞ்சின் காலையில் இந்தக் கணக்கில் கோல்டுதான். குளிர் என்று எழுதினால், “நம்ம ஊர்ல ஏது குளிர், இது ஊட்டிக்காரங்களுக்கு” என்று அந்தப் பக்கத்தையே புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் இதற்கு அருமையான சொல் கையிலேயே இருக்கிறது: ஆறிய. ஆறிய சோறு, ஆறிய டீ, “எஞ்சின் ஆறட்டும், அப்புறம் கழட்டலாம்”. எனவே ஆறிய எஞ்சின், சூடேறிய எஞ்சின் என்று ஒரு ஜோடி வைத்துக்கொள்வோம். கோல்டு ஐடிலிங் ஆறிய நிலை மெல்லோட்டம். சுருக்கி ஆறுநிலை என்று எழுதலாம்தான், ஆனால் ஆறு கட்டம் என்று படித்துவிட வாய்ப்பிருக்கிறது, நீளமாகவே இருக்கட்டும்.

சோக்குக்கு, அதாவது ஆறிய எஞ்சினைக் கிளப்ப இழுத்துவிடும் ஏற்பாட்டுக்கு, வருகிறேன். மூச்சடைப்பி என்பது காற்றை மறிக்கும் தகடு இருக்கிற கார்புரேட்டருக்குப் பொருந்தும். ஆனால் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் இருந்த மிக்குனி விஎம் வகைக் கார்புரேட்டரில் அப்படிப்பட்ட தகடே கிடையாது. லீவரைத் தூக்கினால் ஒரு சிறு பிளஞ்சர் (உருளைத் தண்டு) மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் வருவதற்குத் தனியாக ஒரு பாதையைத் திறந்துவிடுகிறது. அந்தப் பாதையில் பெட்ரோல் ஏற வேண்டுமென்றால் எஞ்சின் நன்றாக உறிஞ்ச வேண்டும், அதற்கு ஆக்சிலேட்டர் மூடியிருக்க வேண்டும். பெயரில் அடைப்பு என்று இருந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? காற்று போதவில்லை போலிருக்கிறது என்று ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே கிக்கரை உதைப்பார், உறிஞ்சல் விட்டுப்போகும், வண்டி கிளம்பாது. ஆறிய எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே செறிவூட்டி, அதாவது கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது. தகடு இருந்தாலும் பிளஞ்சர் இருந்தாலும் அது செய்கிற வேலைக்குப் பொருந்துகிற சொல். பக்கத்திலேயே சோக்கு என்றும் எழுதிவிடலாம், யாரும் தேடித் திண்டாட வேண்டாம்.

இப்போது கோளாறு. கையேட்டின் நடுப்பகுதியே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வண்டி வாரக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சியது பிசினாகப் படிகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் கிடந்த வண்டியில் உலோகப் பாகங்கள் அரிப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பிசினுக்குக் கிடப்புப் படிவு என்று பெயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது. கார்புரேட்டரில் இருப்பதிலேயே மிகச் சிறிய துளைகளில் ஒன்று மெல்லோட்ட ஜெட்டில் இருப்பது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் முதலில் அடைபடுவது பெரும்பாலும் அதுதான். அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அந்தப் பித்தளை ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஒளிப்புள்ளி தெரியும். அடைபட்டதில் ஒன்றும் தெரியாது, அல்லது பிறை போலக் கோணலாகத் தெரியும், சில நேரம் விளிம்பில் பச்சைக் களிம்பும் இருக்கும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஊறவிட்டு, மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து மெதுவாக விட்டு எடுக்கலாம். குண்டூசி வேண்டாம், இரும்பு பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் என்ன திருகினாலும் மெல்லோட்டம் அமையாது.

ஜெட் பாதி அடைந்திருந்தால் காலையில் செறிவூட்டியைப் போட்டால் ஓடும், எடுத்தால் அணைந்துவிடும், கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேறிவிட்டால் மெல்லோட்டம் ஒழுங்காக நிற்கும். காரணம், செறிவூட்டியின் பாதை தனி, ஜெட்டின் குறையை அது மறைத்துவிடுகிறது. சூடேறிய பிறகும் செறிவூட்டி இல்லாமல் மெல்லோட்டம் நிற்கவில்லையென்றால் அடைப்பு முற்றியிருக்கலாம், அல்லது கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்து வெளிக்காற்று புகுந்துகொண்டிருக்கலாம். கிடந்த வண்டியில் ரப்பர் காய்ந்துபோவது சகஜம்.

பட்டியலில் இன்னொன்றையும் திருத்தியே ஆக வேண்டும். கலவைத் திருகு என்று ஒரே சொல்லாக இருக்கிறது. அது இரண்டு வகை. ஏர்ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் அது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு, உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து கலவை செறிவாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் திருகு, உள்ளே முறுக்கினால் செறிவு குறையும். நேர் எதிர். ஒரே பெயரில் எழுதினால் வாசகர்களில் ஒரு பாதி தலைகீழாகத்தான் திருகுவார்கள். காற்றுத் திருகு, எரிபொருள் திருகு என்று இரண்டாகவே பிரித்து, இருக்கும் இடத்தையும் சேர்த்து விளக்குவோம். ஜெட்டைச் சுத்தம் செய்யாமல் திருகை மட்டும் நோண்டக் கூடாது என்றும் அங்கேயே எழுத வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு புதிய பைக்குகள் பெரும்பாலும், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன, இனி எதற்கு இதெல்லாம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தெருவுக்குத் தெரு பழைய ஸ்பிளெண்டரும் புல்லட்டும் நிற்கின்றன ஐயா, அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. போக, மெல்லோட்டம் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் வேண்டிய சொல்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் அப்படியே நின்று மெதுவாக இறங்கும், வெளிக்காற்று புகுவதற்கான முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. கடையில் “ரேஸ் இறங்க மாட்டேங்குது” என்பார்கள். இறங்காச் சுழற்சி, தொங்கல் ஓட்டம் என்று இரண்டு யோசித்தேன், இரண்டுமே மனதுக்கு ஒட்டவில்லை. பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.