குக்கீ லாட்டே வீட்டில் போட: சுட்ட பிஸ்கட் வாசனை காபியில் இறங்க என்ன வழி?

காட்பாடி தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்கா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மாதக் கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு வருவாள். அவள் ஆபீஸ் பக்கத்துக் கஃபேயில் குக்கீ லாட்டே என்று பால் தூக்கலான காபி ஒன்று தருகிறார்களாம். வெண்ணெய் பிஸ்கட்டை அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வாசனை, வாயில் வைத்தால் காபி, தொண்டையில் இறங்கும்போது ஒரு கேரமல் தித்திப்பு என்று அவள் சொல்லிச் சொல்லி எனக்கே ஆசை வந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது வீட்டிலேயே போட்டுக் கொடுக்க வேண்டும்.

மெஷின் எதுவும் கிடையாது. பித்தளை ஃபில்டர் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது. காபித்தூள் வேலூர் லாங் பஜாரில் அரைத்து வாங்குவது, சிக்கரி கலந்தது. பால் ஆவின் பச்சை பாக்கெட். அம்மா ஆடை சேர்த்து வைத்து வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சுவார்கள், அதனால் அதற்கும் பஞ்சமில்லை.

பட்டர் பிஸ்கட்டைப் பாலில் போட்டு மிக்ஸியில் அடித்துக் காய்ச்சினால் கூழாக இறுகிவிடுகிறது. சர்க்கரைப் பாகில் வெண்ணெயை உருக்கி ஊற்றினால் காபி மேல் எண்ணெய் மிதக்கிறது. வெனிலா எசென்ஸ் விட்டால் ஐஸ்கிரீம் வாசனைதான் வருகிறது. அந்தச் சுட்ட வாசனை எதிலிருந்து வருகிறது, அதை எப்படிக் காபிக்குள் கொண்டுவருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி பேக்கரி வீட்டுப் பெண்:

தம்பி, உங்கள் அம்மாவின் நெய்ச் சட்டியிலேயே விடை இருக்கிறது. நெய்யை வடித்தபின் அடியில் பழுப்பாகக் கசண்டு தங்குமே, அடுத்த முறை அதை எடுத்து வையுங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதில் சர்க்கரை தூவித் தின்பதற்கு வீட்டில் சண்டையே நடக்கும்.

எங்கள் அப்பா மேல்விஷாரத்தில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தவர். விறகு அடுப்பு. சாயங்காலம் நான்கட்டாய் பிஸ்கட் தட்டு வெளியே வருகிற நேரத்துக்குத் தெருமுனையிலேயே மணக்கும். இப்போது நானும் வீட்டில் ஆர்டர் எடுத்து பிஸ்கட் போடுகிறேன். இந்த வாசனை எனக்கு உயிர், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் மாவைச் சுடுவதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். வெண்ணெயும் ஏலக்காயும்தான் தெரியும். பிஸ்கட் வாசனை அடுப்புக்குள் போனபிறகு பிறக்கிறது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும்போது வருகிற மணம் அது. 1912இல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விளக்கி எழுதியதால் மெயிலார்ட் வினை என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும். நெய் காயும்போது தண்ணீர் ஆவியாகிப் போய், அந்தக் கொஞ்சம் மட்டும் அடியில் இறங்கிச் சிவக்கிறது. பிஸ்கட்டுக்குள் வெண்ணெய்க்கு நடப்பதும் இதேதான். நீங்கள் பிஸ்கட்டையே காபிக்குள் கொண்டுவரப் பார்க்கிறீர்கள், மாவும் கூடவே வந்துவிடுகிறது. கோதுமை மாவின் ஸ்டார்ச் 60 டிகிரி வாக்கில் தண்ணீரை இழுத்து இறுக ஆரம்பித்துவிடும். காய்ச்சிய பாலில் அது கூழாகாமல் என்ன செய்யும்? வாசனையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

பாகு இப்படிச் செய்யுங்கள். நெய் காய்ச்சும் அன்றைக்கு வெண்ணெயை நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசச் சொல்லுங்கள். மோர்ப் புளிப்பு மிஞ்சினால் கசண்டும் புளிக்கும், பிறகு பாலைத் திரித்துவிடும். அந்த முறை மட்டும் முருங்கை இலை, வெற்றிலை, கல் உப்பு எதையும் நெய்யில் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முருங்கை இலை நெய்க்கு அருமையான வாசனை, ஆனால் காபியில் அது தனியாகத் தெரியும். தீ கடைசி வரை சின்னதாகவே இருக்கட்டும். நுரை அடங்கி, அடியில் இருப்பது இளம் பழுப்பாக மாறியதும் இறக்கி உடனே வடித்துவிடுங்கள். சட்டியின் சூட்டிலேயே அது கருகிவிடும், கருகினால் கசப்புத்தான்.

கசண்டு ஒரு மேசைக்கரண்டி நிறைய வேண்டும். நாட்டுச் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 150 மில்லி சேர்த்துக் கொதிக்க வைத்து ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் கசண்டைப் போட்டு, இரண்டு சிட்டிகை உப்பும் போட்டு மூடி வையுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் வெல்லப்பாகுதான். ஆப்பச் சோடாவும் ஒரு சிட்டிகை சேருங்கள். பொங்கும், பயப்பட வேண்டாம். நான்கட்டாயிலும் சோடா உண்டு. அதைவிட முக்கியமாக, நாட்டுச் சர்க்கரையில் இருக்கிற லேசான புளிப்பை அது முறித்துவிடுவதால் பால் திரியாது. அரை மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் காபியில் எண்ணெய் மிதக்கிற பிரச்சினையும் தீர்ந்தது. வெனிலா நாலு சொட்டு, பாகு ஆறின பிறகு மட்டும். ஒரு வாரம் வரை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

200 மில்லி டம்ளருக்கு டிகாக்ஷன் 45 மில்லி, பாகு 20 மில்லி, பால் 120 மில்லி. முதலில் பாகையும் டிகாக்ஷனையும் கலந்துவிட்டு, அப்புறம் பாலை ஊற்றுங்கள். பாகு சேர்ந்தபின் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

வாலாஜா டிகிரி காபி:

பேக்கரி வீட்டு அம்மா சொன்ன பாகு அருமை. டிகாக்ஷனைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் லாட்டே தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

கஃபே மெஷினில் 18 கிராம் தூளில் 36 கிராம் அளவுக்குத்தான் எஸ்பிரெஸ்ஸோ என்கிற கெட்டிக் காபி எடுப்பார்கள். 9 பார் அழுத்தம், அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பித்தளை ஃபில்டரில் அந்த அழுத்தம் வராது, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஆனால் பால், பாகு எல்லாம் தாங்குகிற அளவுக்குக் கெட்டியாக எடுக்க முடியும். 30 கிராம் தூளை மேல் பாத்திரத்தில் போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்துங்கள். கொதித்து அடங்கிய தண்ணீர் முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும். அரை நிமிடம் கழித்து மிச்சத்தை ஊற்றுங்கள், மொத்தம் 120 மில்லிக்கு மேல் போக வேண்டாம். இறங்கி முடிய இருபது நிமிடம் ஆகட்டும். முதல் டிகாக்ஷன் மட்டும்தான் இதற்கு ஆகும். இரண்டாவதை வீட்டில் மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கரி எவ்வளவு என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும், அதாவது 49 வரை சிக்கரி போட இடம் இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். குக்கீ லாட்டேக்கு 10 முதல் 20 வரை நல்லது. சிக்கரி வேரையும் வறுத்துத்தான் பொடிக்கிறார்கள், அதன் கேரமல் கசப்பு பிஸ்கட் வாசனையோடு சேர்ந்துபோகும். 40க்குப் போனால் காபியே தெரியாது.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. 100 கிராம் நாட்டுச் சர்க்கரை அதிகம். அந்த வாடை காபியை அமுக்கிவிடும். நானாக இருந்தால் முழுக்க வெள்ளைச் சர்க்கரையைச் சட்டியில் சிவக்க உருக்கிப் பாகாக்குவேன்.

சத்துவாச்சாரி பேக்கரி வீட்டுப் பெண்:

அண்ணா, கருப்பட்டி என்றால் நீங்கள் சொல்வது சரி. நல்ல வெளிர் நிற நாட்டுச் சர்க்கரையில் அந்த அளவுக்கு வாடை வராது. சாக்லேட் சிப் குக்கீக்கு வெளிநாட்டில் பழுப்புச் சர்க்கரைதான் போடுகிறார்கள், அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சர்க்கரைக் கழிவுப்பாகின் ருசி பாதி பிஸ்கட் ருசி. அதை எடுத்துவிட்டால் கேரமல் லாட்டே ஆகிவிடும், குக்கீ லாட்டே ஆகாது. சரி, நாட்டுச் சர்க்கரை 75, வெள்ளை 75 என்று பாதிப்பாதியாகப் போட்டுப் பார்க்கட்டும். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பாலைப் பற்றி எழுத விட்டுப்போனது. ஆவின் பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சு 6, நீலம் 3. பச்சையே போதும். ஆரஞ்சு பாலில் குடிக்க வழுவழுப்பு கூடும், ஆனால் பாகின் மெல்லிய வாசனை அதில் அமுங்குகிறது. பால் பொங்க வேண்டாம். 60 முதல் 65 டிகிரி சூட்டில் பால் தானே தித்திப்பாகத் தெரியும், அதற்கு மேலே போனால் காய்ச்சின வாசனை வந்துவிடும். பாக்கெட் பால் ஏற்கெனவே கிருமி போகச் சூடாக்கி பாஸ்சரைஸ் செய்ததுதான். ஓரத்தில் குமிழி கட்டுவதற்கு முன்னால், ஆவி எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். நாம் ஆற்றுகிற நுரை பெரிய குமிழி, நொடியில் உடைந்துவிடும். லாட்டே நுரை வேண்டுமானால் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பாதி வரை பாலை ஊற்றி, துணியால் சுற்றிப் பிடித்துக் குலுக்குங்கள். பிறகு ஜாடியை மேசை மேல் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழி போய்விடும்.

பாகாயம் மாடி ரூம்:

அக்கா, நாங்கள் நாலு பேர் வாடகை ரூமில் இருந்து படிக்கிறோம். ஒரு இண்டக்ஷன் அடுப்பு மட்டும்தான். வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சுவதெல்லாம் நடக்காது. கடையில் விற்கிற பிஸ்காஃப் ஸ்பிரெட்டைக் கரைத்தால் இதே ருசி வருமா? இல்லை, பேக்கரி நான்கட்டாயையே ஊறவைக்கலாமா?

சத்துவாச்சாரி பேக்கரி வீட்டுப் பெண்:

ஸ்பிரெட் கரையும்மா, ஒரு தேக்கரண்டியைச் சூடான டிகாக்ஷனில் கரைத்துவிட்டுப் பாலை ஊற்றினால் போதும். நன்றாகவும் இருக்கும். ஆனால் அது பெல்ஜியத்து ஸ்பெகுலூஸ் பிஸ்கட் வகை, பட்டை வாசனையும் கருகின சர்க்கரை வாசனையும்தான் தூக்கலாக இருக்கும். வெண்ணெய் பிஸ்கட் வேறு.

உங்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பால் பவுடர் வாங்கி, இரண்டு மேசைக்கரண்டி அளவை வெறும் சட்டியில் குறைந்த சூட்டில் வறுங்கள். கையை எடுக்காமல் கிளற வேண்டும், சிவக்க ஆரம்பித்தால் ரொம்ப வேகமாகச் சிவக்கும். அதிலும் பால் புரதமும் பால் சர்க்கரையும்தான், கொழுப்பு கொஞ்சம், அதனால் அதே கசண்டு வாசனை அச்சு அசலாக வரும். கசண்டுக்குப் பதிலாக அதைப் பாகில் போட்டு ஊறவைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

நான்கட்டாயை ஊறவைப்பதென்றால் குளிர்ந்த பாலில் மட்டும். நாலைந்தை நொறுக்கி, அரை லிட்டர் பாலில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, பிழியாமல் வடிகட்டுங்கள். பிழிந்தால் மாவு வந்துவிடும். வாங்கும்போது எதில் செய்தது என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பேக்கரிகளில் பல இடங்களில் வனஸ்பதிதான். அதில் பால் புரதம் கிடையாது, ஆகவே வெண்ணெய் சிவந்த மணம் வராது, ஏலக்காய்தான் மேலே நிற்கும். ஏலக்காய் லாட்டேயும் நல்ல ருசிதான், வேண்டுமென்றே போடுவதானால் போடலாம்.

காட்பாடி தம்பி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், முருங்கை இலை போடாமல் நெய் காய்ச்சத் தயார். இன்னும் ஒரு கேள்வி. எங்கள் அக்கா வருவது மே மாதம், 40 டிகிரி வெயிலில் சூடாகக் கொடுத்தால் குடிப்பாளா தெரியவில்லை. ஐஸ் போட்டுக் கொடுக்கலாமா? அமெரிக்காவில் 2021 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார்பக்ஸ் சுகர் குக்கீ லாட்டே ஒன்று கொண்டுவந்ததாகவும், அதை ஐஸ் போட்டும் தருவதாகவும் அவள் சொன்னாள். பாதாம் பாலில் போடுவார்களாம்.

வாலாஜா டிகிரி காபி:

தாராளமாகப் போடலாம். டிகாக்ஷனை முந்தின நாளே இறக்கி ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வாசனை செத்துவிடும். அன்றைக்கே இறக்கி, பாகோடு கலந்து, ஆறவிட்டு ஐஸ் மேல் ஊற்றுங்கள். ஐஸ் உருகித் தண்ணீர் சேரும் என்பதால் டிகாக்ஷன் 60 மில்லி.

சத்துவாச்சாரி பேக்கரி வீட்டுப் பெண்:

பாகையும் 30 மில்லியாக்குங்கள், குளிர்ச்சியில் நாக்குக்குத் தித்திப்பு குறைவாகத்தான் தெரியும். பால் காய்ச்சி ஆறியதாக இருந்தால் ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். பாதாம் பால் அவர்கள் பழக்கம், அந்த லாட்டேயில் வெண்ணெய் வாசனை பாகிலிருந்துதான் வருகிறது. நமக்குப் பசும்பாலே நல்லது, கசண்டும் அதே பாலிலிருந்து வந்ததுதானே.

மேலே தூவ ஒரு நான்கட்டாயைக் கையால் நொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அக்கா டம்ளரைக் கையில் வாங்கும்போது தூவினால் போதும். முன்னாலேயே போட்டால் இரண்டு நிமிடத்தில் ஊறிப்போய்விடும்.