புதுப்பிப்பு: எல்.கே.ஜி. வகுப்பில் காது மெஷின் போட்ட குழந்தை, ஊட்டி மழைக்காலத்துக்கான திருத்தம்

முன்பு எழுதியதில் முன்வரிசை இருக்கை போதும் என்றிருந்தோம். போதாது. தகரக் கூரையில் மழை இறங்கினால் டீச்சர் குரல் அமுங்கிவிடும். ஒரு மீட்டருக்குள் வந்து, குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு இருட்டாகி, குழந்தைக்கு உதட்டசைவு தெரியாது.

மெஷின் 'கீ' என்று கத்தினால் முதலில் கம்பளிக் குல்லாவைப் பாருங்கள். காதை மூடி அழுத்தும்போது வெளியே வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போகிறது. குல்லாவை மேலே ஏற்றியும் நிற்கவில்லையா? காது வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும், பாவம். புது அச்சு எடுக்க வேண்டும்.

பனிமூட்ட நாட்களில், மெஷினையும் அச்சையும் இணைக்கும் குழாயில் நீர்த்துளி நின்று சத்தம் விட்டுவிட்டு வரும். அச்சை மெஷினிலிருந்து கழற்றி ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மெஷினை சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

தினமும் காலையில் வாயை மறைத்து ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் சொல்லி, குழந்தைக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதில் மாற்றமில்லை.