அத்தைகிட்ட கத்திட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தா வாயே திறக்க மாட்டேங்குது, திருவிருந்துக்குப் போகலாமா?

பனங்காட்டு மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. நாங்க தூத்துக்குடி மாவட்டம், சாயர்புரம் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. வீட்டுக்காரர் கப்பல்ல வேலை, வருஷத்துல எட்டு மாசம் ஊர்ல இருக்க மாட்டார். வீட்டுல நான், ரெண்டு பிள்ளைங்க, அத்தை. அத்தைக்கு 79 வயசு, மூணு வருஷமா மறதி நோய்.

சாயங்காலம் அஞ்சரை ஆச்சுன்னா "கோழிய அடைச்சாச்சா"ன்னு ஆரம்பிப்பாங்க. எங்க வீட்டுல கோழி வளர்த்து 15 வருஷம் ஆச்சு. கோழியே இல்லையே அத்தைன்னு சொன்னா "கீரி பிடிச்சிட்டா"ன்னு அழுவாங்க, அழுது முடிச்சு அஞ்சு நிமிஷத்துல மறுபடி அதே கேள்வி. போன செவ்வாய்க்கிழமை ஸ்கூல்ல இருந்து விடைத்தாள் கட்டு தூக்கிட்டு வந்திருக்கேன், சின்னவனுக்கு காய்ச்சல், இட்லி மாவு பொங்கி தரையெல்லாம் வழிஞ்சு கிடக்கு, அந்த நேரம் பார்த்து இருபதாவது தடவையா கேட்டாங்க. கத்திட்டேன். கையைப் பிடிச்சு தரதரன்னு பின்வாசலுக்கு இழுத்துட்டுப் போய் "பாருங்க, எங்க இருக்கு கோழி"ன்னு காட்டினேன். அவங்க மணிக்கட்டுல என் விரல் தடம் செவந்து பதிஞ்சிருந்துச்சு.

ஏழு மணிக்கு எப்பவும் போல குடும்ப ஜெபம். பெரியவ வேதம் வாசிச்சா, அடுத்து நான் ஜெபிக்கணும், எனக்கு வாய் வரல. அத்தைதான் ஜெபம் பண்ணாங்க. என் பேரு அவங்களுக்கு ஞாபகம் இல்ல, "இந்தப் பிள்ளை ரொம்ப அலையுது ஆண்டவரே, அதுக்கு சுகம் குடும்"னாங்க.

வர்ற ஞாயிறு முதல் ஞாயிறு, திருவிருந்து (சபையில அப்பமும் ரசமும் வாங்குறது) இருக்கு. அபாத்திரமா, அதாவது தகுதியில்லாம, வாங்கக்கூடாதுன்னு சின்னதுல இருந்து கேட்டு வளர்ந்தவ நான். மத்தேயு 5-ல காணிக்கைய வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இருக்கு. ஆனா நான் யார்கிட்ட போய் ஒப்புரவாக? அவங்களுக்குத்தான் நடந்ததே ஞாபகம் இல்லையே. அத்தைகிட்ட இப்படிக் கத்திடுறதாலயே ரெண்டு மாசமா திருவிருந்து நேரத்துல பின் பெஞ்சுல உட்கார்ந்து தலையைக் குனிஞ்சுக்கிறேன். யாராவது சொல்லுங்க.

உபதேசியார் மகன்:

தங்கச்சி, அந்த "அபாத்திரமாய்"ங்கிற வசனத்தை வச்சு நம்ம சபைகள்ல எத்தனையோ பேரை பயமுறுத்தியாச்சு, எங்கப்பா 30 வருஷம் உபதேசியாரா இருந்தவர், அவருக்கே கடைசி காலத்துல இதுல வருத்தம் இருந்துச்சு. 1 கொரிந்தியர் 11-ஐ 17-ம் வசனத்துல இருந்து படிங்க. கொரிந்துல என்ன நடந்துச்சு? சிலர் முந்திக்கிட்டு சாப்பிட்டுடுறான், ஒருத்தன் பட்டினியா இருக்கான், ஒருத்தன் குடிச்சு வெறிச்சுக் கிடக்கான், இல்லாதவங்களை வெட்கப்படுத்துறாங்க. நம்ம ஊர் அசனப் பண்டிகையில எல்லாரும் ஒரே பந்தியில உட்கார்றோம்ல, அதுல வசதியானவங்க மட்டும் முன்னாடியே வந்து தின்னு தீர்த்துட்டா எப்படி இருக்கும், அதைத்தான் பவுல் திட்டுறாரு. அன்னைக்கு முழுக்க ஓடியாடி கோபப்பட்டு அப்புறம் அழுத மருமகளைப் பத்தி இல்ல அது.

28-ம் வசனத்தையும் பாருங்க. தன்னைச் சோதிச்சுப் பார்த்து அப்புறம் சாப்பிடுன்னுதான் இருக்கு. சோதிச்சுப் பார்த்து பின் பெஞ்சுல போய் உட்காருன்னு இல்ல.

லில்லி அக்கா:

தங்கச்சி, என் அம்மாவுக்கும் இதே நோய்தான், ஆறு வருஷம் வச்சுப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி, ஆனா அந்த மணிக்கட்டு விஷயத்தை லேசா விட முடியாது, அக்கா உரிமையில சொல்றேன். ஒரு நாள் இழுப்போம், அடுத்து தள்ளுவோம், வயசானவங்க விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். கோபம் தலைக்கு ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே அடுப்பை அணைச்சிட்டு, அவங்களை பத்திரமா உட்கார வச்சிட்டு, வாசலுக்குப் போயிடுங்க. ரெண்டு நிமிஷம் போதும். நான் கிணத்தடியில போய் நின்னு "ஆண்டவரே, ஆண்டவரே"ன்னு மட்டும் சொல்லுவேன், வேற ஒண்ணும் சொல்ல வராது.

பொழுது சாயும்போது இந்த நோய்க்காரங்களுக்குக் குழப்பம் கூடும், அது அவங்க பிடிவாதம் இல்ல. ஹால்ல லைட்டை சீக்கிரமே போட்டுடுங்க. கையில ஏதாவது வேலை குடுங்க, எங்கம்மாவுக்கு உரிக்க ஒரு கிண்ணம் உள்ளி குடுப்பேன். திடீர்னு நாலஞ்சு நாள்ல குழப்பம் ரொம்ப ஜாஸ்தியாச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, சிறுநீர்ல கிருமி தொற்று இருந்தாக்கூட அப்படி ஆகும். எங்க வீட்டுல அதுதான் நடந்துச்சு, நாங்க பிசாசுன்னு நினைச்சு ஜெபிச்சிட்டு இருந்தோம். யாரைக் கேக்கன்னு தெரியலன்னா முதியோர் உதவி எண் 14567 இருக்கு, காசு கிடையாது.

அப்புறம் அந்தக் கோழி. அடைச்சாச்சு அத்தைன்னு சொன்னா பொய்யாகுமேன்னு உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்துச்சு. எங்கம்மா மாட்டைக் கேப்பாங்க. அவங்க உண்மையில கேக்கறது மாட்டை இல்ல, இருட்டப்போகுது, வீட்டுல எல்லாம் பத்திரமான்னு கேக்குறாங்கன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. "எல்லாம் பத்திரமா இருக்கும்மா, நான் பாத்துட்டேன்"னு சொல்லிட்டு கொல்லைக் கதவை அவங்க கண் முன்னாடியே தாழ் போடுவேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

அவங்க மறந்துட்டாலும் மன்னிப்பு கேளுங்க. காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே கேளுங்க. சொன்ன வார்த்தை மறந்துபோகும், பிடிச்ச கை இதமா இருந்துச்சா முரடா இருந்துச்சான்னு உடம்புக்குத் தெரியும்.

மணப்பாடு ஜோ:

நான் கத்தோலிக்கன், திருவிருந்துன்னு நீங்க சொல்றதை நாங்க நன்மை வாங்குறதுன்னு சொல்லுவோம். எங்க பூசை ஆரம்பிக்கும்போதே எல்லாரும் நெஞ்சுல தட்டி "என் பாவமே"ன்னு சொல்லுவோம், பீடத்துல நிக்கிற சாமியாரும் சேர்ந்துதான் தட்டுவார். நினைப்புல, பேச்சுல, செய்கையில, செய்யாம விட்டதுலன்னு நாலையும் சொல்லணும். பாவமே இல்லாத ஆளுக்கு அந்த இடத்துல சொல்ல ஒண்ணும் இருக்காது. பெரிய பாவம்னு மனசை அறுத்தா முதல்ல சாமியார்கிட்ட போய் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுவோம், உங்க முறை வேற, உங்க சபை ஐயர்கிட்ட தனியா பேசிப் பாருங்களேன். மனசுல வச்சு புழுங்குறதைவிட ஒரு மனுஷன் காதுல சொல்றது நல்லது.

இன்னொண்ணு. பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்துன மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா டோனாவூர்ல 1931-ல விழுந்து, 1951-ல சாகுறவரைக்கும் பெரும்பாலும் படுக்கையிலயேதான் இருந்தாங்க. அவங்களைப் பத்தி நிறைய பேசுறோம். கிட்டத்தட்ட 20 வருஷம் அவங்களைப் புரட்டிப் படுக்க வச்சவங்க, துணி மாத்துனவங்க பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அவங்களுக்கும் சலிப்பு வந்திருக்கும், ஏதாவது ஒரு சாயங்காலம் சிடுசிடுத்திருப்பாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். மறுநாள் காலையில திரும்பவும் போய் நின்னிருக்காங்க, இல்லையா.

பனங்காட்டு மருமகள்:

எல்லாத்தையும் படிச்சிட்டு சமையல்கட்டுலயே உட்கார்ந்து அழுதுட்டேன். அண்ணே, 17-ம் வசனத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு நாளும் படிச்சதில்ல, 27-ல இருந்துதான் எப்பவும் வாசிப்பாங்க.

நேத்து ராத்திரி அத்தை காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே "செவ்வாய்க்கிழமை உங்களை இழுத்துட்டேன் அத்தை, மன்னிச்சிருங்க"ன்னேன். "நீ எந்த ஊரு பிள்ளை"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் அவங்களா ஒரு கீர்த்தனை எடுத்தாங்க, நாலு சரணமும் ஒரு வார்த்தை பிசகாம, பெரியவளும் சேர்ந்து பாடினா.

இன்னைக்கு சாயங்காலம் எட்டாவது தடவை வரைக்கும் தாங்கினேன். ஒன்பதாவதுக்கு குரல் ஏறிடுச்சு, வாசலுக்கு ஓடிட்டேன். லில்லி அக்கா, உள்ளி யோசனை நல்லா வேலை செஞ்சுது, ஆனா உரிச்சதை எல்லாம் சேலையில முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க. நாத்தனாருக்கு போன் பண்ணி மாசத்துல ரெண்டு ஞாயிறு வந்து பாத்துக்கணும்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க, இந்த ஞாயிறு காலையில ஏழு மணிக்கே வந்துடுறேன்னு சொல்லியிருக்காங்க. ஆராதனை எட்டரைக்கு. முன் பெஞ்சுக்குப் போவேனான்னு தெரியல, ஆனா அப்பம் குடுக்கும்போது எழுந்து போவேன்.