வால் ஸ்ட்ரீட் முனையில் நிற்கும் டிரினிட்டி தேவாலயம் உண்மையிலேயே அவ்வளவு பழையதா?

கேள்வி:
நியூயார்க் டிரினிட்டி தேவாலயத்தின் தொடக்கம் 1697 என்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்தால் அவ்வளவு வயது தெரியவில்லையே?

பதில்:
1697 என்பது மூன்றாம் வில்லியம் மன்னர் அந்தச் சபைக்குச் சாசனம் அளித்த ஆண்டு. நீங்கள் பார்ப்பது மூன்றாவது கட்டடம். முதலாவது 1776 பெருந்தீயில் எரிந்தது. 1790இல் எழுந்த இரண்டாவது, பனிப்பாரம் தாங்காமல் பலவீனமானதால் இடிக்கப்பட்டது. ரிச்சர்ட் அப்ஜான் வடிவமைத்த இன்றைய கோதிக் பாணிக் கட்டடம் 1846இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வங்கிகளுக்கு நடுவே இன்று குட்டையாகத் தெரியும் அதன் 281 அடிக் கோபுரம்தான் ஒரு காலத்தில் நகரிலேயே உயரமானது!

இன்னொரு பதில்:
பழமைதான் வேண்டுமென்றால், நண்பரே, அதே சபையின் செயின்ட் பால் சிற்றாலயத்துக்குப் போங்கள். 1766இல் கட்டியது. அந்தத் தீயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள். 1789இல் பதவியேற்ற அன்று வாஷிங்டன் வழிபட்டதும் அங்கேதான். கூட்டம் என்னவோ டிரினிட்டியில் உள்ள, அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் ஹாமில்டனின் கல்லறைக்குத்தான் போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேட்டவர்:
ஹாமில்டன் இறந்தது 1804இல். அப்படியானால் இந்தக் கோபுரத்தை அவர் பார்த்ததே இல்லையா?

பதில்:
இல்லை. அவரை அடக்கம் செய்தபோது நின்றது இரண்டாவது கட்டடம்.