எல்லாவற்றையும் 10% ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. "இப்படி ஆனால் என்ன ஆகும்" என்று பார்க்கும் வாட்-இஃப் கணக்கை எப்படிப் போடுகிறீர்கள்?

கோத்தகிரி கொழுந்து:
வணக்கம். கோத்தகிரி பக்கம் நானும் மச்சானும் சேர்ந்து சின்னதாக ஒரு ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையை உருட்டிச் சுருட்டிச் செய்யும் பழைய முறை) யூனிட் போடுகிறோம். சொந்தத் தோட்டம் கொஞ்சம்தான், மீதி பச்சை இலையை அக்கம்பக்கத்து சிறு விவசாயிகளிடம் வாங்க வேண்டும். இலையை உலர்த்தும் டிரையருக்கு லோன் கேட்ட இடத்தில் அடுத்த மூன்று வருடத்துக்கான உத்தேசக் கணக்கு கேட்டார்கள், அதற்காக மாதச் சந்தா கட்டி ஒரு பிசினஸ் பிளானிங் சாஃப்ட்வேர் எடுத்தோம். அதில் சினாரியோ என்று ஒரு பகுதி. நல்லது, நடுத்தரம், மோசம் என மூன்று போட்டு, ஒரே ஸ்லைடரில் மொத்தத்தையும் 10% ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். மூன்றிலும் லாபம்! மோசத்தில்கூட தவணை கட்டிய பிறகு மிச்சம் நிற்கிறது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எதை எதை மாற்றிப் பார்க்க வேண்டும், எத்தனை சினாரியோ போதும்? ஒவ்வொன்றுக்கும் ஃபைலைக் காப்பி எடுத்து வைப்பதா?

குன்னூர் லெட்ஜர்:
தம்பி, முதலில் அந்த ஸ்லைடரை விடுங்கள். விற்கிற விலையும் செலவும் சேர்ந்து 10% இறங்கினால் லாபமும் அதே 10% தானே இறங்கும்? அதற்கு மோசமான வருடம் என்று பெயர் வைத்தால் ஆகிவிடுமா.

மலையில் எதுவும் அப்படி ஒன்றாகச் சேர்ந்து இறங்காது. மழை மாதத்தில் இலை குவியும், ஆனால் ஈரம் அதிகம், வாட்டுவதற்கு நேரமும் விறகும் கூடும், ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை போய் ஐந்து கிலோ ஆகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கதை தலைகீழ்: இலை கருகி வரத்து குறையும், விலை ஏறும், ஆனால் உங்கள் கூலியும் தவணையும் அப்படியே நிற்கும். அதனால் சினாரியோ என்றால் ஒரு பருவம். "மழை நீண்ட வருடம்", "உறைபனி வருடம்" என்று பெயர் வைத்து, அந்தப் பருவத்தில் எது எது சேர்ந்து மாறும் என்று யோசித்து எழுதுங்கள்.

ஒரு கணக்கு பாருங்கள், எண்கள் சும்மா வைத்துக்கொண்டவை. மாதம் 1,000 கிலோ தூள், கிலோ 400 ரூபாய். விறகு, பேக்கிங் கிலோவுக்கு 60. கூலி, கரண்ட், தவணை எல்லாம் சேர்த்து மாதம் 2 லட்சம், அதாவது கிலோவுக்கு 200. இலைக்கு மிஞ்சுவது 140. இலை கிலோ 30 ரூபாய் என்றால் நாலரைக்கு 135, ஐந்து ரூபாய் மிச்சம். அதே 30 ரூபாய், மழையில் ஐந்து கிலோ ஆனால் 150, பத்து ரூபாய் கையை விட்டுப் போகும். விலை ஒரு பைசா மாறவில்லை, ஆனால் கணக்கு கவிழ்ந்துவிட்டது. உங்கள் ஸ்லைடரில் இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. டீ போர்டு மாதாமாதம் அறிவிக்கும் பச்சை இலையின் குறைந்தபட்ச விலை, தூள் ஏலத்தில் போகும் சராசரி விலையை ஒட்டிப் போகும். நீங்கள் ஆர்த்தடாக்ஸை நேராகத் தனி ஆட்களுக்கு விற்பதாக இருந்தால், இலை விலை ஏறுகிற மாதம் உங்கள் விற்பனை விலையும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டையும் தனித்தனி வரியில் வையுங்கள்.

எக்செல் சித்தப்பா:
இதற்கெல்லாம் சந்தா கட்ட வேண்டுமா? எக்செலில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் சும்மா கிடக்கிறது. அதில் மூன்று இருக்கும். கோல் சீக், "இலை விலை எவ்வளவு ஆனால் லாபம் பூஜ்யம்" என்று பின்னோக்கிச் சொல்லும், லெட்ஜர் அக்கா சொன்ன எண்ணுக்கு 31 ரூபாய் சொச்சம் வரும், ஐந்து கிலோ என்று மாற்றினால் 28. டேட்டா டேபிளில் இலை விலையைக் குறுக்கே, எத்தனை கிலோ இலை என்பதை நெடுக்கே போட்டால் ஒரே பக்கத்தில் எல்லாம் தெரியும், இரண்டு விஷயத்துக்கு மேல் தாங்காது. சினாரியோ மேனேஜரில் ஒரு சினாரியோவுக்கு 32 செல் வரை மாற்றலாம், ஆனால் அது எடுத்துக் கொடுக்கும் சம்மரி பிறகு தானாக மாறாது, எண்ணை மாற்றினால் மறுபடி எடுக்க வேண்டும். பழைய சம்மரியை வங்கிக்குக் கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைலைக் காப்பி எடுக்காதீர்கள் சாமி. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "கடைசி ஃபைனல்" என்று ஆகிவிடும், ஒன்றில் கூலியைத் திருத்துவீர்கள், மற்றதில் மறப்பீர்கள். கணக்கு ஒன்று, மாறும் எண்களுக்கு மட்டும் தனி ஷீட், எந்தப் பருவம் என்று ஒரு செல்லில் தேர்ந்தெடுத்தால் போதும்.

பூம்பாறை வீடு:
கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறேன், தேயிலை தெரியாது. எங்கள் கணக்கில் அறை வாடகை குறைந்தால், பெட்ரோல் ஏறினால் என்றெல்லாம் இருந்தது. வந்ததோ இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதி, 2024 மே மாதம். அடுத்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் வந்தது. உங்கள் நீலகிரிக்கு 6,000, 8,000. சீசனில் ரோட்டோரக் கடைகளுக்குத் தூள் போடுவதாக இருந்தால் அதற்கும் ஒரு வரி வையுங்கள். மண்சரிவில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் என்பதையும் விடாதீர்கள், 2009 நவம்பரை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு சினாரியோவுக்கும் கீழே "இந்த எண் இதைத் தொட்டால் இதைச் செய்வோம்" என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். முன்பதிவு பாதிக்குக் கீழே போனால் சமையல் ஆளை வாரக் கடைசிக்கு மட்டும் கூப்பிடுவது, அந்த மாதிரி. அந்த வரி எழுத வரவில்லை என்றால் அந்த சினாரியோவை அழித்துவிடுவேன்.

கோத்தகிரி கொழுந்து:
அக்கா, எங்கள் எண்களை வைத்துப் போட்டேன், மழை வருடத்தில் நான்கு மாதம் கையைக் கடிக்கிறது. மச்சான் முகம் மாறிவிட்டது. "சின்ன டிரையர்" என்று நாலாவது சினாரியோ போட்டால் சரியாக வருமா?

குன்னூர் லெட்ஜர்:
அது நாலாவது இல்லை தம்பி. மழையும் பனியும் தானாக வருவது, டிரையர் நீங்கள் எடுக்கிற முடிவு. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் குழம்பும். பெரிய டிரையர், சின்ன டிரையர் இரண்டையும் ஒவ்வொரு பருவத்திலும் ஓட்டிப் பாருங்கள். சின்னதில் தவணை குறையும், ஆனால் இலை குவிகிற நாளில் எத்தனை கிலோவைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பினால் அந்த விவசாயி அடுத்த மாதம் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுவார். லாபத்தோடு மாதாமாதம் கையிருப்பையும் பாருங்கள்: இலைக்காரருக்கு மாதம் முடிந்ததும் பணம், வாங்குகிறவர் உங்களுக்குத் தருவது ஒன்றரை மாதம் கழித்து. மச்சானுக்கு அந்த ஷீட்டைக் காட்டுங்கள்.